வெண்கலத்துக்கும் நோய் வரும்

(ஜொகூரில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வெண்கலக் குரல் என்று சொன்னதும் உங்களில் பலருக்கு கே.பி.சுந்தராம்பாள் நினைவுக்கு வருவார். சிலருக்கு சீர்காழி கோவிந்தராஜன் வருவார். செம்புக் குரல் என்றோ இரும்புக் குரல் என்றோ யாரும் சொல்வதில்லை. வெண்கலக் கடையில் யானை புகுந்தது போல என்கிறோமே, அங்கேயும் சத்தம்தான் விஷயம். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் உலோகம் வெண்கலம் என்பது தமிழனுக்கு மொழியோடு சேர்ந்தே வந்த அறிவு.

அந்தக் கணீர் ஒலி எங்கிருந்து வருகிறது? ஆயிரம், இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் கிடந்தால் அந்த வெண்கலம் என்ன ஆகும்? வெளியே எடுத்த பிறகு ஏன் அழிகிறது? இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால், நம் வீட்டு சாமி அறையில் இருக்கும் பொருளைக் காப்பாற்றவும் வழி தெரிந்துவிடும்.

மூவாரில் கிடைத்த மணி

முதலில் நம் ஜொகூர் மண்ணிலிருந்தே தொடங்குவோம். மூவார் வட்டாரத்தில் கம்போங் பெஞ்சு என்ற ஊர் இருக்கிறது. 1960களில் அங்கே மண்ணுக்குள்ளிருந்து ஒரு பழங்கால வெண்கல மணி கிடைத்தது. மேலே தொங்கவிட வளையம், உடம்பில் சுருள் சுருளாகக் கோலம் போன்ற கோடுகள். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய வெண்கலக் காலப் பொருட்களின் வரிசையில் அதை வைக்கிறார்கள். கோலாலம்பூர் தேசிய அரும்பொருளகத்துக்குப் போகிறவர்கள் வரலாற்றுக்கு முந்திய காலப் பகுதியில் தேடிப் பாருங்கள். 'மூவார், ஜொகூர்' என்று ஊர்ப் பெயரைப் படிக்கும்போது ஜொகூர்க்காரர்களுக்கு ஒரு பெருமை வரத்தான் செய்யும்.

இந்த மணி தனியாள் இல்லை. 1905ஆம் ஆண்டில் கிள்ளான் பகுதியில் இதே இனத்து மணிகள் கிடைத்தன. அவற்றில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கம்போடியாவின் பாத்தம்பாங் பகுதியிலும் இதே சாயலில் ஒரு மணி கிடைத்திருக்கிறது. 1964இல் சிலாங்கூர், கோல லங்காட் பக்கம் கம்போங் சுங்கை லாங்கில் இரண்டு வெண்கல முரசுகள் ஒரு மரப்பலகைமேல் வைத்துப் புதைக்கப்பட்ட நிலையில் கிடைத்தன. வடவியட்நாமின் தோங்சோன் பண்பாட்டைச் சேர்ந்த முரசு வகை அது. கம்போடியா, கிள்ளான், மூவார் என்று கடலோரமாகக் கோடு போட்டுப் பாருங்கள். பழைய வணிகப் பாதை கண்ணுக்குத் தெரியும்.

கலவையில்தான் ரகசியம்

வெண்கலம் என்பது தோண்டி எடுக்கும் உலோகம் அல்ல. மனிதன் கலந்து உண்டாக்கியது. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். செம்போடு துத்தநாகம் சேர்ந்தால் பித்தளை. நம் வீட்டுக் குத்துவிளக்கு பெரும்பாலும் பித்தளை. பூசைக் கைமணி, சேகண்டி, ஜால்ரா ஆகியவை வெண்கலம்.

சுத்தமான செம்பு உருக 1,085 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வெள்ளீயம் வெறும் 232 டிகிரியிலேயே உருகிவிடும். நூற்றுக்குப் பத்துப் பங்கு வெள்ளீயம் சேர்த்தால் கலவை முழுவதும் உருகும் வெப்பம் ஏறத்தாழ 1,000 டிகிரிக்கு இறங்கிவிடும். அச்சில் ஊற்றினால் மூலைமுடுக்கெல்லாம் ஓடும். ஆறினால் செம்பைவிடக் கடினமாக நிற்கும்.

அளவு மாறினால் குணமும் மாறும். ஐந்து முதல் பத்து விழுக்காடு வெள்ளீயம் சிலைக்கும் கருவிக்கும் ஏற்றது. இருபதைத் தாண்டினால் மணி ஓசை பிறக்கும், ஆனால் கீழே போட்டால் உடையும். ஏறக்குறைய 33 விழுக்காடு ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி போலப் பளபளக்கும். கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடி அந்த வகைதான். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர்ப் பழங்காலப் புதைகுழிகளில் கிடைத்த வெண்கலப் பாத்திரங்களில் சுமார் 23 விழுக்காடு வெள்ளீயம் இருந்ததாக ஆய்வு காட்டுகிறது. அப்படிப்பட்ட கலவையை மெல்லிய பாத்திரமாக அடிப்பது எளிதல்ல. சூட்டோடு அடித்து, சூட்டோடு நீரில் அமிழ்த்தும் பக்குவம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக் கன்னாருக்கு அது தெரிந்திருந்தது.

மூன்றாவது கூட்டாளி காரீயம். இது செம்போடு கரைவதில்லை. குழம்பில் எண்ணெய் மிதப்பது போலச் சின்னச் சின்ன முத்தாகத் தனித்து நிற்கும். ஆனால் கலவையை நன்றாக ஓடச் செய்யும், விலையும் மலிவு. தோங்சோன் முரசுகளிலும் சோழர் சிலைகளிலும் காரீயம் கலந்திருப்பதற்கு இதுவே காரணம்.

மலாயாவின் பங்கு இங்கேதான் வருகிறது. செம்பு உலகில் பல இடங்களில் உண்டு. வெள்ளீயம் அப்படி இல்லை. மலாய்த் தீபகற்பம் உலகின் பெரிய வெள்ளீய வளையத்தில் இருக்கிறது. ஈப்போ, கம்பார் மட்டும் அல்ல, நம் கோத்தா திங்கி பக்கம் பெலப்பா கானானிலும் ஈயச் சுரங்கம் இருந்தது. பித்தளைப் பாத்திரத்துக்குக் கலாய் பூசுவது என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, அந்தச் சொல்லே பழைய அரபு வணிகர்கள் 'கலா' என்று அழைத்த இந்தத் தீபகற்பத்துத் துறைமுகத்தின் பெயரிலிருந்து வந்தது என்று அறிஞர்கள் சிலர் கருதுகிறார்கள். 1936இல் பேராக், பீடோரில் பழைய அவலோகிதேசுவரர் வெண்கலச் சிலை வெளிப்பட்டதும் ஒரு ஈயச் சுரங்கத்தில்தான்.

பஞ்சலோகத்தில் பொன் எவ்வளவு?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழ் வீடு இல்லை. பஞ்சலோகம் என்றால் ஐந்து உலோகம். செம்பு, வெள்ளீயம் அல்லது துத்தநாகம், காரீயம், அதோடு வெள்ளி, பொன். தென்னிந்தியச் சிலைகளைச் சோதித்த ஆய்வாளர்கள் கண்டது என்ன? பெரும்பகுதி செம்பு. வெள்ளீயமும் காரீயமும் ஒற்றை இலக்க விழுக்காட்டில். வெள்ளியும் பொன்னும் மிகமிகச் சொற்பம், சடங்குக்காகச் சேர்த்த அளவுதான்.

பழைய சிலையை உருக்கினால் தங்கம் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்த ஒரு பொய்யால் உருக்கப்பட்ட சிலைகள் கொஞ்சநஞ்சமல்ல. உருக்கியவனுக்குக் கிடைப்பது செம்பு விலை. போவது ஆயிரம் ஆண்டு.

செம்பில் களிம்பு

சைவ சித்தாந்தம் படித்தவர்கள் ஓர் உவமையை அறிவார்கள். உயிரோடு ஆணவ மலம் ஒட்டியிருப்பது செம்பில் களிம்பு இருப்பதைப் போல என்பார்கள். செம்பு இருக்கும் இடத்தில் களிம்பு உண்டு, வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கல்ல அது என்பது கருத்து. இரசாயனமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது.

மண்ணிலிருந்து எடுக்கப்படும்போது செம்பும் வெள்ளீயமும் கல்லாக, தாதுவாகத்தான் இருக்கின்றன. நெருப்பில் இட்டு, கரி சேர்த்து, வலுக்கட்டாயமாக உலோகமாக்குகிறோம். விட்டால் மறுபடியும் பழைய நிலைக்கே போகப் பார்க்கும். காற்றில் உள்ள பிராணவாயு பட்டால் முதலில் சிவந்த ஒரு மெல்லிய படலம் உண்டாகும். இது செம்பு ஆக்சைடு. அதன்மேல் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து பச்சைப் படலம் படரும். மாலகைட் என்ற பச்சைத் தாதுக்கல்லும் இதே பொருள்தான். வெண்கலத்திலிருக்கும் வெள்ளீயம் துருப்பிடித்தால் வெள்ளீய ஆக்சைடு ஆகிறது. பேராக் சுரங்கங்களில் அலசி எடுத்தார்களே ஈய மணல், அதே பொருள். எந்தக் கல்லிலிருந்து வந்ததோ அந்தக் கல்லாகவே திரும்பிப் போகிறது வெண்கலம்.

நல்ல பச்சை, கெட்ட பச்சை

எல்லாக் களிம்பும் கெடுதல் அல்ல. வழவழப்பாக, கெட்டியாக, கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ ஒட்டிக்கொண்டிருக்கும் படலம் வெண்கலத்துக்குப் போர்வை. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்றும் நீரும் தொடாமல் காப்பாற்றும். இது நல்ல பச்சை.

கெட்ட பச்சை வேறு. வெளிறிய பச்சை நிறம். மாவு போல உதிரும். துடைத்தால் போய்விடும், ஆனால் சில நாளில் அதே இடத்தில் மறுபடியும் முளைக்கும். அடியில் பார்த்தால் சின்னச் சின்னக் குழி. இதைத்தான் உலகம் முழுவதும் 'வெண்கல நோய்' என்கிறார்கள்.

நோய்க்குக் காரணம் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, படலத்துக்கு அடியில் மெழுகு போல ஒளிந்துகொள்ளும். மண்ணுக்குள் காற்று அதிகம் இல்லாதவரை அது சும்மா கிடக்கும். வெளியே எடுத்து, ஈரக்காற்றுப் பட்டதும் விழித்துக்கொள்ளும். ஈரமும் பிராணவாயுவும் சேர்ந்ததும் பச்சை மாவாக மாறும். மாறும்போது கொஞ்சம் அமிலத்தைக் கக்கும். அந்த அமிலம் பக்கத்திலுள்ள நல்ல செம்பைத் தின்று, மறுபடியும் அதே குளோரைடை உண்டாக்கும். அது மறுபடியும் மாவாகும், மறுபடியும் அமிலம். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்பது போல, அசல் தீரும்வரை நிற்காது.

காற்றின் ஈரப்பதம் 42 முதல் 46 விழுக்காடு வரை ஏறினாலே இந்த நோய் தலைதூக்கும். 55ஐத் தாண்டினால் வேகம் பிடிக்கும். நம் ஜொகூரில் ஈரப்பதம் 80 விழுக்காடு என்பது சாதாரண நாள். மூன்று பக்கமும் உப்புக் காற்று. பாலைவனத்தில் நூறாண்டு சும்மா இருக்கும் பொருள் நம் ஊரில் சில மழைக்காலங்களிலேயே கரைந்துபோகலாம்.

ஒரு விளக்கம். நோய் என்று சொன்னதால் இது தொற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். ஒரு சிலையிலிருந்து இன்னொரு சிலைக்குத் தானாகத் தாவாது. ஆனால் ஒரே அறையில், ஒரே ஈரத்தில், ஒரே உப்பு ஏறிய பொருட்கள் இருந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அது களிம்பைக் கரைத்துவிடும். நேற்று வாங்கிய குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்து வைத்தால் தவறில்லை. ஆனால் பலரும் புளியோடு ஒரு பிடி உப்பும் சேர்க்கிறார்கள். அங்கேதான் வினை. உப்பை நாமே கையால் தேய்த்து உள்ளே ஏற்றிவிடுகிறோம்.

பழங்காலப் பொருளுக்குப் புளியும் கூடாது, செங்கல் தூளும் கூடாது, கடையில் விற்கும் மெருகுத் திரவமும் கூடாது. காரணம் கேளுங்கள். ஆயிரம் ஆண்டு மண்ணில் கிடந்த வெண்கலத்தில் செம்பு மெதுவாகக் கசிந்து வெளியே போயிருக்கும். வெள்ளீய ஆக்சைடு அதே இடத்தில் நிற்கும். சிற்பி செதுக்கிய கோடு, எழுத்து, கோலம் எல்லாம் அந்தக் களிம்புப் படலத்துக்குள்தான் இப்போது உயிரோடு இருக்கும். களிம்பைச் சுரண்டினால் உள்ளே புது உலோகம் பளபளக்கும். ஆனால் முகம் போய்விடும். புதைக்கும்போது சுற்றிய துணியின் நெசவுகூடச் சில பொருட்களில் களிம்பில் பதிந்து நிற்பதுண்டு. செம்பு கிருமிகளை அண்டவிடாது என்பதால் அந்த இழை மக்காமல் தப்பும். தேய்த்துவிட்டால் அந்தச் சாட்சியும் போச்சு.

நியூசிலாந்தில் ஒரு தமிழ் மணி இருப்பது பலருக்குத் தெரியும். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார் பார்த்தபோது, மவோரிப் பெண்கள் அதை உருளைக்கிழங்கு அவிக்கும் பாத்திரமாக வைத்திருந்தார்கள். புயலில் சாய்ந்த ஒரு மரத்தின் வேரடியில் கிடைத்ததாகச் சொன்னார்கள். உடைந்த கப்பல் மணியின் மேற்பகுதி அது. இன்று வெலிங்டன் தெ பாபா அரும்பொருளகத்தில் இருக்கிறது. அது முகைதீன் பக்ஸ் என்ற பெயருடைய கப்பலின் மணி என்பது அதிலுள்ள தமிழ் எழுத்தால்தான் உலகுக்குத் தெரிந்தது. எழுத்து மட்டும் தேய்ந்து போயிருந்தால் அது வெறும் உடைந்த ஓடு.

எழும்பூரில் நடந்த வைத்தியம்

இந்த நோய்க்குத் தமிழ்நாட்டில் வைத்தியம் பார்த்த வரலாறு உண்டு. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் அரிய செப்புத் திருமேனிகள் ஏராளம். நாகப்பட்டினத்தில் 1856 தொடங்கிப் பல்லாண்டுகளாகக் கிடைத்த சுமார் 350 புத்தச் சிலைகளில் பலவும் அங்கே சேர்ந்தன. இராசராச சோழன் காலத்தில், கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் ஆண்ட மன்னன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்டினான். கடாரம் என்றால் நம் கெடாதான். நம் தொடர்பு அந்த ஊரோடு அப்படிப்பட்டது.

கடற்கரை நகரில் சிலைகள் உதிரத் தொடங்கினால் என்ன செய்வது? 1930இல் அந்த அருங்காட்சியகத்திலேயே இரசாயனப் பாதுகாப்புச் சோதனைக்கூடம் தொடங்கப்பட்டது. முனைவர் எஸ்.பரமசிவன் அதன் பொறுப்பில் இருந்தார். சிலையைக் காரக் கரைசலில் தொங்கவிட்டு, மெதுவாக மின்சாரம் செலுத்தி, உள்ளே ஒளிந்திருக்கும் குளோரைடை வெளியே இழுக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. முகம் தெரியாமல் மூடிக் கிடந்த சிலைகளில் கண்ணும் நகையும் மறுபடி தெரிந்தன.

பிற்காலத்தில் வைத்திய முறை மாறியது. மின்சார முறை கெட்ட பச்சையோடு நல்ல பச்சையையும் எடுத்துவிடும் என்பதால் இப்போது தேவைப்பட்டால் மட்டுமே அது. 1960களின் இறுதியிலிருந்து பென்சோட்ரையசோல் என்ற மருந்து வழக்கத்துக்கு வந்தது. செம்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத காப்பு போட்டது போல ஒட்டிக்கொள்ளும். இது நச்சுத் தன்மை உடையது, கற்றவர் கையில்தான் இருக்க வேண்டும். வீட்டில் முயலாதீர்கள்.

சோதிக்கும் முறையும் மாறியிருக்கிறது. முன்பு சிலையிலிருந்து கடுகளவு சுரண்டி எடுப்பார்கள். இப்போது கையடக்க எக்ஸ்ரே கருவியைக் காட்டினால் கலவை தெரிந்துவிடும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். மேலே செம்பு கசிந்து வெள்ளீயம் மிஞ்சியிருப்பதால் அளவு கூடுதலாகக் காட்டும். கருவி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் கணக்குப் பார்க்கத் தெரிந்தவர் வேண்டும்.

தோட்டத்துக் கோயில் உற்சவர்

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம். ஜொகூரில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துக் கோயில்கள் இடம் மாறின. கப்பலில் தாத்தா கொண்டுவந்த வேலும், மணியும், சிறிய உற்சவ மூர்த்தியும் சில இடங்களில் சாக்குப் பையில் கட்டிச் சாமான் அறையில் வைக்கப்பட்டன. அவை தோங்சோன் மணி அளவுக்குப் பழமையானவை அல்ல. ஆனால் நம் குடும்பங்கள் இந்த நாட்டுக்கு வந்த கதைக்கு அவையும் சாட்சி. பல குடும்பங்களில் வேறு சாட்சி இல்லை.

அவற்றுக்குச் செய்ய வேண்டியது சில காரியங்கள்தான்.

முதலாவது, சாக்குப் பையிலிருந்து எடுங்கள். சாக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எடுக்கும்போது பருத்திக் கையுறை போடுங்கள். வியர்வையிலும் உப்பு உண்டு.

இரண்டாவது, வெளிறிய பச்சை மாவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பொருளைத் தனியே, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சப்பாத்து டப்பாவுக்குள் சின்னப் பையில் வருமே சிலிகா ஜெல், அதைப் போதிய அளவு வாங்கி உள்ளே போடுங்கள். ஈரம் இல்லையென்றால் நோய் தூங்கிவிடும். ஜெல் ஈரத்தால் நிறைந்ததும் மாற்ற மறக்காதீர்கள்.

மூன்றாவது, பூசையில் இருக்கும் மூர்த்தியானால் அபிஷேகத்தை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் நல்ல நீரில் அலசி, மடிப்புகளில்கூட ஈரம் தங்காமல் துடைப்பதுதான் பெரிய காப்பு. குழாய் நீரிலும் குளோரின் உண்டு என்பதால் கடைசி அலசலுக்குக் காய்ச்சி வடித்த நீர் நல்லது. பால், தயிர் மிச்சம் பீடத்தில் காய்ந்து நிற்க விடாதீர்கள்.

நான்காவது, பகலில் குளிர்சாதனம், இரவில் நிறுத்தம் என்ற அறையில் வைக்காதீர்கள். சூடும் குளிரும் மாறி மாறி வந்தால் உலோகத்தின்மேல் பனி போல நீர் கோக்கும். எப்போதும் ஒரே நிலையில் இருக்கும் இடமே மேல்.

ஐந்தாவது, தோட்டத்திலோ ஆற்றோரத்திலோ மண் தோண்டும்போது பழைய உலோகம் ஏதும் தட்டுப்பட்டால் கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். கிடைத்த இடத்தைப் படம் எடுங்கள். 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டப்படி அதை மாவட்ட அலுவலகத்துக்கோ மரபுடைமைத் துறைக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற செய்தி பொருளைப் போலவே மதிப்புடையது. சுங்கை லாங் முரசுகள் பலகைமேல் இருந்தன என்ற ஒரு குறிப்பு இல்லையென்றால், அவை வேண்டுமென்றே வைக்கப்பட்டவை என்பதே தெரியாமல் போயிருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை

தெருவில் பழைய பேப்பர், பழைய இரும்பு என்று ஒலிபெருக்கி வைத்த லோரி வரும். பாட்டி காலமான பிறகு வீட்டை ஒழிக்கும்போது அந்த லோரியை நிறுத்துவது எளிது. பச்சை படிந்த மணியைப் பார்த்தால் யாருக்கும் குப்பை என்றுதான் தோன்றும். எடை போட்டுச் சில ரிங்கிட் கொடுப்பார்கள். உருக்கிய பிறகு அதைத் திரும்ப வாங்க எந்த ரிங்கிட்டும் இல்லை.

லோரியை நிறுத்துவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த மணியை மெல்லத் தூக்கிப் பிடித்து, விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டுங்கள். கணீரென்றால் உள்ளே வெண்கலம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மொத்தென்று அடைத்த சத்தம் வந்தால் ஒருவேளை விரிசல், ஒருவேளை நோய் உள்ளே இறங்கியிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் அது லோரியில் ஏற வேண்டிய பொருள் அல்ல. கழுத்தில் எழுத்து ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். யார் செய்து கொடுத்தது, எந்தத் தோட்டத்துக் கோயிலில் ஒலித்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, மணியோடு சேர்த்து வையுங்கள். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பிறகு மூவார் மணிக்கு இல்லாத ஒன்று அந்த மணிக்கு இருக்கும். அதற்கு ஒரு பெயர் இருக்கும்.